முப்பத்தெட்டுக் கையெழுத்துகளும் ஒரு கேள்வியும்

1

மதிப்பிடப்படும் அமைப்போடு உங்களுக்கு நெருங்கிய தொடர்பு ஏதேனும் உண்டா?

கேள்விக்குக் கீழே இரண்டு கட்டங்கள். உண்டு, இல்லை. நான் ‘இல்லை’யில் டிக் போட்டுவிட்டு விமானம் ஏறினேன். போய்த் திரும்பி ஏழு வாரம் ஆகிறது. அந்தப் படிவத்தை மறுபடி என் முன்னால் வைத்தால் எதில் டிக் போடுவேன் என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

பெர்கனில் இன்றைக்கும் மழை. நார்வேயில் மழைக்குப் பெயர்போன ஊர் இது. என் மகளுக்கு இன்று ஐந்து வயது முடிகிறது. காலையில் மழைக் கால்சட்டையை மாட்டி, டிராமில் கூட்டிப் போய், பால்வாடியில் விட்டேன். பால்வாடி என்றுதான் எனக்கு வாயில் வருகிறது. இங்கே அதற்கு வேறு பெயர். ஆசிரியை அவள் தலையில் ஒரு காகிதக் கிரீடம் வைத்தார். பலகையில் அவள் பிறந்த தேதியைப் பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு சின்னக் கொடி ஒட்டியிருந்தார்கள்.

அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்குப் பிரசவ அறை ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மட்டாஞ்சேரியில் ஒரு அலுவலக மாடியில் பார்த்த வருகைத் தாள்தான் வந்தது. அதே தேதி, பதினேழாவது வரிசை, என் அம்மாவின் கையெழுத்து. கிரீடம் வைத்த பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வெளியே வந்து, ஈரமான பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எதுவும் தோன்றவில்லை.

அதனால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அலுவலகத்தின் பெயரைச் சொல்லவில்லை. இங்க்ரிட் என்று நான் இங்கே அழைக்கும் என் மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேனோ என்றும் யோசித்துப் பார்த்தேன். 

2

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கே அது சரியாகப் புரிய இரண்டு வருடம் ஆனது.

அரசு ஊழியர்களுக்கும் நகராட்சி ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். சில வருடங்களாக நாங்கள் வளரும் நாடுகளின் பொது அலுவலகங்களோடு கூட்டுச் சேர்ந்து அங்கேயும் பயிற்சி நடத்துகிறோம். கூட்டுச் சேர்வதற்கு முன்னால், அந்த நாடும் அந்த அலுவலகமும் அதற்குத் தயாராக இருக்கின்றனவா என்று போய்ப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். பயிற்சி பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது, பட்ஜெட்டில் இடம் இருக்கிறதா, அதிகாரிகளை எவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறார்கள், ஏற்கெனவே நடந்த பயிற்சிகளுக்குப் பதிவு இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை.

இந்தியப் பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு இந்தியாவுக்கு மதிப்பெண் போட்டேன். ‘அரசியல் விருப்பம்’ என்ற வரிக்கு முதலில் நான்கு போட்டேன். பாசத்தில் போட்டுவிட்டாள் என்று நினைப்பார்களோ என்று மூன்றாக்கினேன். பாசம் என்று நினைப்பார்களோ என்று பயந்து குறைத்துவிட்டாள் என்று நினைப்பார்களோ என்று மறுபடி நான்காக்கினேன். யாரும் எதுவும் நினைக்கவில்லை. அந்த வரியை யாரும் பார்த்ததாகவே தெரியவில்லை.

பட்டியலில் இருந்த ஊர்களில் கொச்சியும் ஒன்று. “உனக்கு மொழி தெரியும் இல்லையா?” என்றார் இங்க்ரிட். தெரியும் என்றேன். எந்தப் பிரிவு என்று பார்த்தேன். மட்டாஞ்சேரி, துப்புரவுப் பிரிவு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன்.

ஒரு விஷயத்துக்கு மிகவும் நெருங்கியவர் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நார்வே மொழியில் அப்படிப்பட்டவருக்கு ஒரே சொல் இருக்கிறது: இன்ஹபில். இங்கே அது வசவு இல்லை. “இதில் நான் இன்ஹபில்” என்று கூட்டத்தில் ஒருவர் கையைத் தூக்கிவிட்டு, காபிக் கோப்பையோடு வெளியே போய்விடுவார். யாரும் முகம் சுளிப்பதில்லை. எவ்வளவு சுலபமாகப் போகிறார்கள் என்று நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என் அம்மா அந்தப் பிரிவில் முப்பத்தோரு வருடம் தெருக் கூட்டினார். நான் படிவத்தை நிரப்பியபோது அவர் ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஓய்வு பெற்றவருக்கும் அலுவலகத்துக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிக் போட்டேன். அன்று மகளைக் கூட்டிவரக் கால்மணி நேரம் தாமதமாகிவிட்டது என்ற பதற்றம் வேறு. அதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

3

எங்கள் காலனியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தோணியில் வந்த மிளகையும் சுக்கையும் அடுக்கிவைத்த பஜார் ரோட்டுக்குப் பின்னால், நகரத்தைச் சுத்தம் செய்வதற்கென்று பல தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்து குடிவைத்த குடும்பங்கள் நாங்கள். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். என் வயதுக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரிவதற்குக் காரணம், ஒரு டீச்சர் சனிக்கிழமைகளில் வந்து சொல்லிக்கொடுத்ததும், நான் சொன்னபடி கேட்கும் பிள்ளையாக இருந்ததும்தான்.

நான் பத்தாம் வகுப்பு படித்தபோது அலுவலகத்தில் ஒரு உத்தரவு வந்தது. இனிமேல் சம்பளம் பேங்க் வழியாக வரும், கைநாட்டு செல்லாது, எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். காலனியில் கையெழுத்தை ‘ஒப்பு’ என்றுதான் சொல்வோம். அம்மா என்னிடம் வந்தார்.

“எனக்கு ஒரு ஒப்பு உண்டாக்கித் தா மோளே.”

உண்டாக்கித் தா என்றார், பாவாடை தைத்துத் தா என்கிற மாதிரி. நான் நோட்டில் அவர் பெயரை மலையாளத்தில் எழுதினேன். வெறும் பெயர் கையெழுத்து மாதிரித் தெரியவில்லை. எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் பெயருக்கு அடியில் ஒரு கோடு இழுத்து இரண்டு புள்ளி வைப்பார். அதையே அம்மாவின் பெயருக்கும் வைத்தேன். அம்மா ஒரு வாரம் எழுதிப் பழகினார். புள்ளி வைக்கும்போது பேனாவைக் குத்துவார். காகிதம் ஓட்டையாகும். பக்கத்து வீட்டு மரகதம் சின்னம்மா பார்த்துவிட்டு, “இதென்ன ஆணியா அடிக்கிறே?” என்று சிரித்தார். அடுத்த நாள் அவரும் ஒரு நோட்டோடு வந்தார். அம்மாவோடு சேர்த்து பதினொரு பேருக்கு நான் ஒப்பு உண்டாக்கிக் கொடுத்தேன். எல்லோருக்கும் கோடு, எல்லோருக்கும் இரண்டு புள்ளி. எனக்கு வேறு தெரியாது. அவர்கள் பிறகு வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எத்தனை பேருக்கு என்று நான் கேட்டதில்லை.

அதை ஒரு சாதனையாக நினைத்து எழுதவில்லை. பின்னால் நடந்தது புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

4

எறணாகுளத்தில் ஹோட்டல். அங்கிருந்து வாட்டர் மெட்ரோவில் மட்டாஞ்சேரிக்கு வந்தோம். படகுக்குள் ஏசி, சுத்தம், தானாகத் திறக்கும் கதவு. இங்க்ரிட் அதைப் பார்த்து வியந்து கைப்பேசியில் குறிப்பு எழுதினார். நான் சின்ன வயதில் போன படகில் டீசல் மணமும் நனைந்த கயிறும் இருக்கும் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால், இந்த ஊர்க்காரியா என்று கேட்பார். கேட்டால் என்ன, மொழி தெரியும் என்று சொன்னபோதே கேரளாக்காரி என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை.

அலுவலகத்தில் எங்களை வரவேற்ற ஹெல்த் இன்ஸ்பெக்டருக்கு ஜெயன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அங்கே மாற்றலாகி வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த மனிதர். சாயாவும் பழம்பொரியும் வரவழைத்திருந்தார்.

“மேடத்துக்கு வீடு எங்கே?” என்று மலையாளத்தில் கேட்டார்.

“எறணாகுளம் பக்கம்.”

மட்டாஞ்சேரியில் பிறந்தவள் இப்படிச் சொல்ல மாட்டாள். எறணாகுளம் எங்களுக்குத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர். சொல்லி முடித்த பிறகு பழம்பொரியைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

மாடிப்படியில் ஆறேழு பெண்கள் கையுறைகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் எனக்குத் தெரியும். என்னை இடுப்பில் தூக்கிவைத்திருந்தவர்கள் அதில் இருந்தார்கள். ஒருவரும் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். “வரு, மேடம்” என்றார் ஒருவர். வெளிநாடு போனவள் மேல் கோபமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். அப்போதும் எனக்கு எதுவும் வலிக்கவில்லை. வலிக்க வேண்டுமே என்று மட்டும் தோன்றியது.

மேலே பயிற்சிப் பதிவேடுகள் வருடவாரியாகக் கட்டிவைக்கப்பட்டிருந்தன. இங்க்ரிட்டின் முறை எளிது. ஒவ்வொரு கட்டிலிருந்தும் கண்ணில் பட்ட ஒரு தாளை உருவுவார். அப்படி உருவிய மூன்றாவது தாளை மேசையில் விரித்தார். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“இதெல்லாம் ஒருவரே போட்ட கையெழுத்துகள்,” என்றார் நார்வே மொழியில், என்னிடம் மட்டும்.

தாளைப் பார்த்தேன். ‘பாதுகாப்பு உபகரணங்கள், காலை பத்து முதல் ஒன்று வரை.’ முப்பத்தெட்டுப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. பதினாறு வருடத்துக்கு முன்னால் என் நோட்டில் இருந்த கோடும் புள்ளியும் முப்பத்தெட்டாகப் பெருகி வரிசையில் நின்றன. அத்தனையும் வேறு வேறு கை என்று எனக்குத் தெரியும். சில கோடுகள் நடுங்கின, சில மேலே ஏறின. ஆனால் மலையாளம் தெரியாதவருக்குக் கோடும் புள்ளியும் மட்டும்தான் தெரியும்.

பிறகு தாளின் மேலே இருந்த தேதியைப் பார்த்தேன். என் மகள் பிறந்த தேதி. அன்றைக்கு விடியற்காலையிலிருந்து மறுநாள் வரை அம்மா எறணாகுளத்தில் ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தார். குழந்தை பிறந்தது பகல் பதினொன்றரைக்கு. பதினேழாவது வரிசையில் அம்மாவின் ஒப்பு இருந்தது. விரலால் தடவினேன். காகிதத்தில் ஓட்டை இல்லை. புள்ளிகள் மெதுவாக வைக்கப்பட்டிருந்தன.

“பொய்ப் பதிவு என்றால் இதோடு முடிகிறது,” என்றார் இங்க்ரிட். அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. “கேட்டுப் பார்ப்போம். கையெழுத்துப் போட்டவர் ஒருவரை வரச் சொல்.”

5

ஜெயன் சார் கதவுக்கு வெளியே தலையை நீட்டிக் கூப்பிட்டார். வந்தவர் மரகதம் சின்னம்மா.

புடவைக்கு மேல் ஆரஞ்சுக் கோட்டு. கைகளைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். என்னைப் பார்த்தார். முன்பின் பார்க்காத ஆபீசரைப் பார்க்கும் பார்வை. என் கல்யாணத்துக்குப் பூ கட்டியவர்.

“உட்காரச் சொல்,” என்றார் இங்க்ரிட். நான் மலையாளத்தில் சொன்னேன்.

“வேண்டா மேடம். நின்னாலே போதும். உக்காந்தா எந்திரிக்க ரெண்டாள் வேணும்.” தமிழில்தான் சொன்னார். ஜெயன் சார் மட்டும் சிரித்தார்.

ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார் இங்க்ரிட். சின்னம்மா பேனாவைப் பிடித்தார். பெயர், கோடு, புள்ளி, புள்ளி. தாளிலிருந்த அதே கையெழுத்து. பழைய தாளில் உங்களுடையதைக் காட்டுங்கள் என்றதும் தயங்காமல் பதினாறாவது வரிசையில் கட்டைவிரலை வைத்தார். விரல் பெரியது. அடுத்த வரிசையும் அதற்கடியில் மறைந்தது. பேசி முடியும் வரை அவர் அதை எடுக்கவில்லை.

“எல்லோருக்கும் ஏன் ஒரே மாதிரி இருக்கிறது என்று கேள்.”

கேட்டேன். என் குரல் எனக்கே யாரோ ரேடியோவில் படிப்பது மாதிரிக் கேட்டது.

“எல்லாரும் ஒருத்தர்கிட்டத்தானே படிச்சோம்,” என்றார் சின்னம்மா. “எங்க காலனியில ஒரு ஸ்கூல் பிள்ளை இருந்தது. அதுதான் ஒப்பு போடச் சொல்லித் தந்தது. ரொம்பக் கண்டிசனான பிள்ளை. கோடு வளைஞ்சா மறுபடி எழுத வைக்கும். எங்களுக்கு அப்ப அதைக் கண்டா பேடி, அவ்வளவு பயம்.”

“அந்தப் பெண் இப்போது எங்கே?” என்றார் இங்க்ரிட், ஆர்வமாக.

அதையும் நான்தான் கேட்க வேண்டியிருந்தது. “அந்தப் பிள்ளை இப்ப எங்கே இருக்கு?”

சின்னம்மா ஜன்னலைப் பார்த்தார். “எங்கேயோ தூர நாட்டுல. நல்லாத்தான் இருக்கும். பிஸி. போன் வராது.”

மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் விடவில்லை. ‘போன் வராது’ என்பதையும் சொன்னேன். ஒரு இடத்தில் மட்டும் தவறினேன். ‘அவர்கள் எல்லோரும் அவளிடம் கற்றார்கள்’ என்று சொல்லும் இடத்தில் ‘நாங்கள்’ என்று வந்துவிட்டது. இங்க்ரிட் எழுதுவதை நிறுத்திவிட்டு, “அவர்கள்,” என்று சிரித்தபடி திருத்தினார். என் நார்வே மொழியில் இப்படிச் சின்னச் சின்னப் பிழைகள் வருவது அவருக்குப் பழக்கம்.

பிறகு அவர் முகம் மாறியது. சக ஊழியர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கும் வழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது, இது அபூர்வம், எந்த அலுவலகத்திலும் தான் பார்த்ததில்லை என்றார். புதிதாக வருபவருக்கு வேலையை எப்படிக் கற்றுக்கொடுப்பீர்கள் என்று கேட்கச் சொன்னார்.

“மூணு மாசம் பழைய ஆளு பின்னாடியே நடக்கணும். குப்பையை எப்படித் தொடறது, கண்ணாடி கிடந்தா எப்படிக் கிளறணும், எந்த வீட்டு நாய் கடிக்கும், எல்லாம் அப்பத்தான் தெரியும். அதுக்கு ரெஜிஸ்டர் கிடையாது.”

பதிவுகள் என்ற வரிக்கு இங்க்ரிட் நான்கு போட்டார். கற்கும் பண்பாடு என்ற வரிக்கு ஐந்து. ஜெயன் சாருக்கு மூச்சு வந்தது. சின்னம்மா விரலை எடுத்தார், என்னைப் பார்த்து “சரி மேடம்” என்றார், போனார்.

6

மறுநாள் இங்க்ரிட் திருப்பூணித்துறை அரண்மனையைப் பார்க்கப் போனார். நான் தலைவலி என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனேன். அம்மா கப்பைக்கிழங்கு வேகவைத்திருந்தார். வீடியோவில் பேத்தி தன்னைக் கூப்பிடுவதைச் செய்து காட்டினார். நார்வேயில் அம்மாவின் அம்மாவை ‘மோர்மோர்’ என்பார்கள்.

“மோரு மோருன்னு கூவுது. நான் என்ன தயிர்க்காரியா?”

சிரித்தேன். பிறகு கேட்டேன். “யாரும் ஏம்மா என்னைத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கல?”

“நான்தான் வீடு வீடாப் போய்ச் சொன்னேன். பிள்ளை ஆபீஸ் காரியமா வருது, கூட வெள்ளைக்கார மதாம்மா வருது, யாரும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு. உனக்கு ஒண்ணும் குழப்பம் வரக் கூடாதில்ல.” கப்பையில் உப்புப் பார்த்தார். “மரகதத்துக்குத்தான் சிரிப்பை அடக்க முடியலையாம். நீ ‘உக்காருங்க’ன்னு மலையாளத்துல சொன்னியாமே. வெளிய வந்து ஒரு மணி நேரம் சிரிச்சாளாம்.”

“அந்தத் தாள்ல உன் ஒப்பு இருக்கும்மா. பாப்பா பொறந்த அன்னைக்கு.”

“இருக்கும். மரகதம் வச்சது.”

“அது தப்பில்லையா?”

அம்மா என்னைப் பார்த்தார். கோபமில்லை. நான் எதையோ மறந்துவிட்டேன் என்கிற பார்வை.

“பிறப்பும் சாவும் வந்தா பேருக்கு நேரே காலியா விடறதில்ல. பக்கத்து வீட்டுக்காரி கை வைப்பா. ஊருல மத்தவங்க சோறு கொண்டுவருவாங்க, நாங்க ஒப்பு வைக்கிறோம். அவ புருசன் செத்த அன்னைக்கு மேஸ்திரி தாளோட வாசல்ல வந்து நின்னான். எனக்கு அப்ப என் ஒப்பே நேரா வராது. அவ பேருக்கு யாரு வச்சா?”

நான்தான் வைத்தேன். பதினைந்து வயது. உள்ளே பிணம், வாசலில் மேஸ்திரி, என் கையில் ஸ்கூல் பேனா. கோடு வளையாமல் இழுத்தேன். அதை மறந்தே போயிருந்தேன் என்று எழுதத்தான் ஆசை. மறக்கவில்லை. அந்தத் தாளைப் பார்த்த கணத்திலேயே ஞாபகம் வந்துவிட்டது.

“அன்னைக்குப் பயிற்சியாவது நடந்ததா?”

“நடந்ததாம். யாரோ வந்து கையுறை மாட்டிக் காட்டினாங்களாம். எனக்கு என்ன தெரியும்? நான் உன் காலைப் பிடிச்சிட்டு இருந்தேன்.” தட்டை என் பக்கம் நகர்த்தினார். “நல்ல மார்க் போடு. மரகதத்தோட மகள் பிரியாவுக்கு லைசன்ஸ் இருக்கு. அஞ்சு வருசமா கரார்லயே கூட்டுறா, இன்னும் நிரந்தரம் ஆகல. குப்பை வண்டி ஓட்டுறேன்னு கேட்டா, ட்ரெயினிங் சர்ட்டிபிகேட் இல்லைங்கிறாங்க. உங்க ஆளுங்க தருவாங்களாமே.”

தருவார்கள். திட்டத்தின் முதல் பிரிவே அதுதான்: ஒப்பந்தப் பெண்கள் இருபது பேருக்கு வண்டி இயக்கும் பயிற்சி, சான்றிதழ். அந்த வரியை எழுதியவள் நான். எழுதும்போது பிரியாவை நினைத்தேனா? நினைக்கவில்லை என்றுதான் நம்புகிறேன். ஆனால் மற்ற ஊர்களுக்கு எழுதிய திட்டங்களில் வண்டி இல்லை.

7

பெர்கனுக்குத் திரும்பியதும் வாழ்க்கை பழையபடி ஓடுகிறது. காலையில் மகளுக்கு ரொட்டியில் பழுப்புச் சீஸ் வைத்துக் கட்டுகிறேன். அவள் தோசையை வேண்டாம் என்பதில்லை. மற்றப் பிள்ளைகள் பார்ப்பார்கள், வீட்டில் மட்டும் வை என்கிறாள். நான் தமிழில் கேட்டால் நார்வே மொழியில் பதில் சொல்கிறாள். முன்பெல்லாம் திருத்துவேன். இப்போது எந்த மொழியில் பதில் வந்தது என்பதைச் சில சமயம் கவனிப்பதே இல்லை.

என் கணவர் கொச்சியில் தேவரா என்ற பகுதிக்காரர், இங்கே ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் சோதிப்பவர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “கேட்ட கேள்விக்கு ஒரு தடவை பதில் சொல்லியாச்சு. ரெண்டாவது தடவை யாரும் கேக்கலையே. விடு,” என்றார். அவர் தொழிலில் பழுதைப் பார்த்தால் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டுப் போவார். என்னை விடச் சொல்கிறார்.

போன திங்கட்கிழமை இரண்டாவது தடவையும் கேட்டார்கள். இங்க்ரிட் இறுதி அறிக்கையை அனுப்பியிருக்கிறார். கொச்சி முதலிடத்தில் இருக்கிறது. அட்டைக்கு அடுத்த பக்கத்தில் ‘ஒரு பள்ளி மாணவியும் முப்பத்தெட்டுப் பெண்களும்’ என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் பழைய கேள்வி. அதை மறுபடி உறுதிசெய்து நான் கையொப்பமிட வேண்டும். இங்கே கையொப்பம் என்பது கைப்பேசியில் ஆறு எண்களை அழுத்துவது. கோடும் இல்லை, புள்ளியும் இல்லை.

விதிகளைப் படித்துப் பார்த்தேன். நான் ‘உண்டு’ என்று மாற்றினால் கொச்சி மதிப்பீடு முழுவதும் செல்லாது. வேறு ஆளை அனுப்ப இந்தச் சுற்றில் நேரமில்லை. பட்டியலில் அடுத்த ஊர் மேலே வரும். அடுத்த சுற்று இரண்டு வருடம் கழித்து. பிரியா அதுவரை கூட்டுவாள், ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால். ஏன் மாற்றுகிறாய் என்று இங்க்ரிட் கேட்டால் அம்மாவைச் சொல்ல வேண்டும். அம்மாவைச் சொன்னால் அவர் பதினேழாவது வரிசையைத் தேடிப் பார்ப்பார். நிதானமானவர், நிச்சயம் பார்ப்பார். அந்தத் தேதியில் அம்மா அங்கே இருந்தாரா என்று கேட்பார். அப்போது நான் பொய் சொல்லலாம், அல்லது சின்னம்மாவைக் காட்டிக்கொடுக்கலாம். சின்னம்மாவுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

‘இல்லை’ என்று அழுத்தினால் எதுவும் நடக்காது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எதுவும் நடக்காது, பயிற்சி நடக்கும், பிரியா வண்டி ஓட்டுவாள், என் பெயருக்கு நேராக ஒரு பொய் இருக்கும். அதை எனக்காக யாரும் வைத்திருக்க மாட்டார்கள். நானே வைத்தது.

நேற்று சின்னம்மாவுக்குப் போன் செய்தேன், ஐந்து வருடத்தில் முதல் முறையாக. எடுத்ததும், “ஆரு, மேடமா?” என்றார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. மழை பெய்கிறதா என்று கேட்டார். பெய்கிறது என்றேன். இங்கேயும்தான் என்றார். தாளைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிட்டேன். கேட்கவில்லை.

8

இதைப் படிப்பவர்களில் அரசு அலுவலகங்களில் இருந்தவர்கள் இருப்பீர்கள். வெளிநாட்டில் படிவங்களோடு வாழ்பவர்கள் இருப்பீர்கள். காலனியில் பிறந்து, என்னைப் போல ஊரைக் கொஞ்சம் தள்ளிச் சொல்லிக்கொள்பவர்களும் இருக்கலாம். உங்களிடம்தான் கேட்கிறேன்.

எந்த ஊர் என்று முடிவெடுக்கும் குழு அடுத்த மாதம் கூடுகிறது. அதற்குள் நான் அழுத்த வேண்டும். நேர்மையாக இரு என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பக்கம் நேர்மை என்று தெரிந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மனச்சாட்சியைக் கேள் என்றும் வேண்டாம். கேட்டுப் பார்த்தேன், மரத்துக் கிடக்கிறது.

ஒரு பிறப்போ சாவோ உங்கள் வீட்டில் நடந்த அன்று, உங்கள் பெயருக்கு நேராக வேறொருவர் கை வைத்திருந்தால், அதைப் பிறகு கேட்டவர்களிடம் எப்படிச் சொன்னீர்கள்? சொன்ன பிறகு கை வைத்தவர் உங்களோடு பேசினாரா? சொல்லாமல் விட்டவர்கள் இருந்தால், இப்போது எப்படி இருக்கிறீர்கள்?

தமிழிலோ மலையாளத்திலோ எழுதுங்கள். இரண்டும் படிப்பேன்.